பட்டுப்புழு முதல் தவளை வரை: பூஞ்சை நோயின் வரலாறு



"நோய்க்குக் காரணம் நுண்ணுயிர் என்று முதலில் நிரூபித்தவர் யார்?" என்று வினாடி வினாவில் கேட்டால் நம்மில் பாதிப்பேர் லூயி பாஸ்டர் என்போம். மீதிப்பேர் ராபர்ட் கோக் என்போம். இரண்டு பேருக்குமே மதிப்பெண் கொடுத்துவிடுவார்கள். ஆனால் அந்த இருவருக்கும் வெகு முன்னாலேயே, 1835ல், இத்தாலியில் கண்பார்வை மங்கிக்கொண்டிருந்த ஒரு மனிதர் இதைச் செய்து காட்டிப் புத்தகமும் போட்டுவிட்டார். அவர் ஆராய்ந்த நோயாளி பட்டுப்புழு. அவர் கண்டுபிடித்த குற்றவாளி பூஞ்சை. ஆம், ஊறுகாய் ஜாடியிலும் பழைய ரொட்டியிலும் படர்கிறதே, அந்த வகையறாதான்.

இதில் எனக்கு ஆச்சரியம் என்னவென்றால், நோய்க்கிருமிகளின் வரிசையில் முதன்முதலில் பிடிபட்டதே பூஞ்சைதான். அப்படியிருந்தும் 160 வருடம் கழித்து உலகமெங்கும் தவளைகள் கொத்துக் கொத்தாகச் செத்து மறைந்தபோது, விஞ்ஞானிகள் அதை மட்டும் சந்தேகப்படவே இல்லை. வெயிலைச் சந்தேகப்பட்டார்கள், மழையைச் சந்தேகப்பட்டார்கள், பூச்சிமருந்தை, வைரஸை எல்லாம் சந்தேகப்பட்டார்கள். பூஞ்சை என்றால் ஏதோ தோலில் அரிப்பு கொடுக்கும் சில்லறை விஷயம் என்ற எண்ணம் அவ்வளவு ஆழமாக ஊறிப்போயிருந்தது. அந்த எண்ணத்துக்கு எவ்வளவு விலை கொடுக்க வேண்டியிருந்தது என்பதுதான் இந்தக் கட்டுரை.

முதலில் இத்தாலிக்குப் போவோம்.

19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வட இத்தாலியின் லொம்பார்தி பகுதியில் பட்டு பெரிய பிழைப்பு. விவசாயக் குடும்பங்கள் வீட்டுக்குள்ளேயே தட்டுகளில் புழு வளர்த்து, முசுக்கொட்டை இலை பறித்துப் போட்டு, கூடு விற்றுக் காசு பார்த்தார்கள். அந்தப் புழுக்களுக்கு ஒரு விநோத நோய் வரும். புழு மந்தமாகும், தின்பதை நிறுத்தும், செத்துப்போகும். செத்த உடல் அழுகாது. மாறாக விறைத்துக் கெட்டியாகி, மேலே வெள்ளைத் தூள் பூத்து, சுண்ணாம்பில் புரட்டி எடுத்தது போல் ஆகிவிடும். அதனாலேயே இத்தாலிக்காரர்கள் அதைச் சுண்ணாம்பைக் குறிக்கும் சொல்லை ஒட்டி 'கால்சினோ' என்றார்கள். பிரான்சில் அதன் பெயர் 'மஸ்கார்டின்'. ஒரு அறையில் இது புகுந்தால் மொத்த வளர்ப்பும் காலி. ஏன் வருகிறது என்று கேட்டால் ஆளுக்கொரு பதில்: காற்று சரியில்லை, இலை சரியில்லை, பருவம் சரியில்லை, தானாகவே உடம்புக்குள் உண்டாகிறது.

அகஸ்தினோ பாசி என்பவர் 1773ல் லோதி நகருக்குப் பக்கத்தில் மைராகோ என்ற ஊரில் பிறந்தவர். பாவியா பல்கலைக்கழகத்தில் சட்டம் படித்தார். ஆனால் மனம் முழுக்க இயற்கை அறிவியலில். அங்கே பாடம் நடத்திக்கொண்டிருந்தவர்கள் சாதாரண ஆட்கள் இல்லை. மின்கலத்தைக் கண்டுபிடித்த வோல்ட்டா அங்கேதான் இருந்தார். உயிர்கள் தானாக உண்டாவதில்லை என்று சோதனை செய்து காட்டிய ஸ்பல்லன்சானியும் அங்கேதான். சட்டம் படித்தவர் அரசாங்க வேலைக்கும் போனார். ஆனால் கண் கெட ஆரம்பித்தது. வேலையை விட்டுவிட்டு நிலத்துக்குத் திரும்பினார். ஆடு வளர்த்தார், உருளைக்கிழங்கு பயிரிட்டார், பாலாடைக்கட்டி, ஒயின் என்று எல்லாவற்றைப் பற்றியும் எழுதினார். 1807 வாக்கில் பட்டுப்புழு நோயைக் கையில் எடுத்தார். விடை கிடைத்துப் புத்தகம் வர இன்னும் 28 வருடங்கள் இருந்தன.

முதல் பல வருடங்கள் அவரும் எல்லோரையும் போலத்தான் யோசித்தார். நோய் புழுவின் உள்ளேயே உண்டாகிறது, ஏதாவது ஒரு சூழ்நிலை அதைத் தூண்டுகிறது என்று நம்பி, புழுக்களைச் சூட்டில் வைத்தார், புகையில் வைத்தார், அமிலம் கொடுத்தார். பாவம், புழுக்கள் விதம் விதமாகச் செத்தன. கால்சினோ மட்டும் வரவில்லை. புகைபோக்கியில் தொங்கவிட்டுக் காயவைத்த புழுக்கள் பார்க்க அசல் கால்சினோ மாதிரியே விறைத்து வெளுத்தன. ஆனால் அவற்றை ஆரோக்கியமான புழுக்களுடன் போட்டால் ஒன்றும் ஆகவில்லை. தொற்றவில்லை.

இந்த இடத்தில்தான் அவர் திரும்பினார் என்று எனக்குத் தோன்றுகிறது. உருவம் ஒன்றாக இருந்து என்ன பயன்? தொற்றுகிறதா இல்லையா என்பதல்லவா கேள்வி! அதன் பிறகு அவர் புழுவை விட்டுவிட்டு அந்த வெள்ளைத் தூளைப் பின்தொடர்ந்தார். தூளை ஊசி முனையில் எடுத்து ஆரோக்கியமான புழுவில் குத்தினால் நோய் வந்தது. வேறு சாதிக் கம்பளிப்புழுக்களுக்கும் வந்தது. செத்த புழுவின் மேல் வெள்ளை பூத்த பிறகுதான் அது மற்றவற்றுக்குத் தொற்றியது. ஆக, அந்தத் தூள் ஒரு உயிருள்ள தாவரத்தின் விதை, அது புழுவின் உடலுக்குள் முளைத்து அதைத் தின்றே வளர்கிறது என்ற முடிவுக்கு வந்தார். (அன்றைக்குப் பூஞ்சையைத் தாவரம் என்றுதான் கருதினார்கள்.) அந்த விதை வேலைக்காரர்களின் கையில், துணியில், தட்டுகளில், ஈக்களின் காலில் ஒட்டிக்கொண்டு வீடு விட்டு வீடு போகிறது என்றும் சொன்னார்.

1834ல் பாவியா பல்கலைக்கழகப் பேராசிரியர்கள் குழு ஒன்றின் முன்னால் சோதனைகளைச் செய்து காட்டினார். ஒப்புக்கொண்டார்கள். 1835ல் புத்தகத்தின் முதல் பகுதி, அடுத்த வருடம் இரண்டாம் பகுதி. பால்சாமோ கிரிவெல்லி என்ற இயற்கையியலாளர் அந்தப் பூஞ்சைக்கு பாசியின் பெயரையே வைத்தார். இன்றைக்கு அதன் பெயர் பிவேரியா பாசியானா.

அந்தப் பெயரை எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கிறதா? நம் ஊர் உரக்கடைகளில் 'பிவேரியா பேசியானா' என்று பொட்டலத்தில் விற்கிறார்களே, இயற்கை விவசாயம் செய்பவர்கள் பூச்சிக்குத் தெளிக்கிறார்களே, அதே ஆள்தான்! இத்தாலியின் பட்டு விவசாயிகளை அழவைத்த அதே பூஞ்சையை இன்று காசு கொடுத்து வாங்கித் தெளிக்கிறோம். பட்டுப்புழு வளர்க்கும் இடத்துக்கு அருகில் மட்டும் தெளிக்கக் கூடாது. காரணம் உங்களுக்கே தெரியும் :-)

பாசி கண்டுபிடிப்போடு நிற்கவில்லை. செத்த புழுக்களை உடனே எரியுங்கள், தட்டுகளைக் கொதிநீரிலும் சாம்பல் காரத்திலும் கழுவுங்கள், நோய் வந்த அறையிலிருந்து மற்ற அறைக்குப் போகாதீர்கள் என்று விவசாயிக்குப் புரிகிற மாதிரி எழுதினார். பிற்காலத்தில் மனிதர்களின் காலரா, பிளேக் போன்றவையும் இப்படிப்பட்ட உயிருள்ள ஒட்டுண்ணிகளால்தான் வருகின்றன என்று வாதாடினார். 1856ல் இறந்தார். பாஸ்டர் பட்டுப்புழு நோய்களை ஆராயத் தொடங்கியது 1865ல்தான். (பாஸ்டர் ஆராய்ந்த 'பெப்ரின்' நோயின் கிருமி மைக்ரோஸ்போரிடியா என்ற வகை. அதையும் இப்போது பூஞ்சைகளோடு அல்லது பூஞ்சைகளின் மிக நெருங்கிய உறவாக வைத்துவிட்டார்கள். அவருக்குத் தெரியாமலேயே அவரும் பூஞ்சைக் கூட்டத்தைத்தான் துரத்திக்கொண்டிருந்திருக்கிறார்.)

பாசியின் புத்தகம் உடனடியாக ஒரு பலன் கொடுத்தது. அதைப் படித்த ஷோன்லைன் என்ற ஜெர்மன் மருத்துவர், மனிதர்களின் தலையில் பொருக்குத் தட்டும் 'ஃபேவஸ்' என்ற நோயின் பொருக்கை எடுத்து நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார். உள்ளே பூஞ்சை! 1839ல் ஒரு சின்னக் குறிப்பாக வெளியிட்டார். ஒரு பக்கம்கூட வராது. தொடர்ந்து ரேமாக், குரூபி போன்றவர்கள் படர்தாமரை வகை நோய்கள் எல்லாவற்றிலும் பூஞ்சையைக் கண்டார்கள். பறவைகளின் நுரையீரலில் பூஞ்சை இருப்பதை அதற்கு முன்பே, 1815லேயே, ஒரு காட்டுப் பறவையில் பார்த்திருந்தார்கள். 1863ல் ஃப்ரெசேனியஸ் என்பவர், நம் கானமயிலின் ஐரோப்பிய உறவான ஒரு பெரிய பறவையின் சுவாசப் பைகளிலிருந்து ஒரு பூஞ்சையை எடுத்து அதற்கு ஆஸ்பெர்ஜில்லஸ் ஃபுமிகேட்டஸ் என்று பெயர் வைத்தார். கோழிப்பண்ணைகளில் குஞ்சுகளுக்கு மூச்சுத்திணறல் கொடுக்கும் அதே பூஞ்சை.

ஆக 1860களில் பூஞ்சைதான் கதாநாயகன். (வில்லன் என்று சொல்ல வேண்டுமோ?) பிறகு எல்லாம் தலைகீழானது. 1876ல் கோக் ஆந்த்ராக்ஸை நிரூபித்தார், 1882ல் காசநோய். பாக்டீரியாக்கள் மேடையைப் பிடித்துக்கொண்டன. அடுத்த நூற்றாண்டில் வைரஸ்கள். பூஞ்சை ஓரத்துக்குப் போய்விட்டது.

அப்படி ஓரங்கட்டியதில் நியாயமும் இருந்தது. பாலூட்டிகளையும் பறவைகளையும் கூட்டம் கூட்டமாகக் கொல்வது பூஞ்சைக்கு எளிதல்ல. காரணம், நம் உடம்புச் சூடு. பெரும்பாலான பூஞ்சைகள் 30 டிகிரிக்கு மேல் தடுமாறும். 2009ல் வந்த ஒரு ஆய்வு ஆயிரக்கணக்கான பூஞ்சை ரகங்களின் வெப்பத் தாங்குதிறனைக் கணக்குப் பார்த்தது. 30லிருந்து 40 டிகிரி வரை ஒவ்வொரு டிகிரி ஏற ஏற, சுமார் 6 சதவீத ரகங்கள் வளர முடியாமல் கழன்றுகொள்கின்றன என்றது. நாம் 37ல் இருக்கிறோம். ஆடு, மாடு, கோழி எல்லாம் அதற்கும் மேலே. அதனால் வீட்டு விலங்குகளின் பூஞ்சை நோய் என்றால் கால்நடை மருத்துவருக்கு முதலில் ஞாபகம் வருவது கன்றுக்குட்டியின் முகத்தில் வட்ட வட்டமாக முடி கொட்டும் படர்தாமரைதான். அதற்கும்கூட 1970களில் சோவியத் ஒன்றியத்தில் உயிருள்ள பூஞ்சையைக் கொண்டே தடுப்பூசி தயாரித்து மாடுகளுக்குப் போட்டு வெற்றி கண்டார்கள். விதிவிலக்குகளும் உண்டு. பிரேசிலின் ரியோ டி ஜெனிரோவில் 1990களின் கடைசியிலிருந்து பூனைகளுக்கு ஸ்போரோத்ரிக்ஸ் என்ற பூஞ்சை வந்து மூக்கெல்லாம் புண்ணாகி, கடித்தும் பிராண்டியும் அது ஆயிரக்கணக்கான மனிதர்களுக்கும் பரவியிருக்கிறது. அதைத் தனியாகத்தான் எழுத வேண்டும்.

சரி. உடம்புச் சூடுதான் கவசம் என்றால், அந்தக் கவசம் இல்லாத பிராணிகள்? மீன், தவளை, பாம்பு? அங்கேதான் கதை கோரமாகிறது.

ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலத்து மலைக்காடுகளில் 1972ல் ஒரு தவளையைக் கண்டுபிடித்தார்கள். அதன் தாய் முட்டைகளை விழுங்கிவிடும். தன் இரைப்பையிலேயே வைத்து வளர்க்கும். அந்தச் சமயத்தில் இரைப்பையில் அமிலம் சுரப்பது நின்றுவிடும், தாய் சாப்பிடாது. வாரக்கணக்கில் காத்திருந்து, முழுத் தவளைக்குட்டிகளாக வாய் வழியே வெளியே விடும்! வயிற்றுப்புண் சிகிச்சைக்கு இதிலிருந்து ஏதாவது கிடைக்குமா என்று மருத்துவ ஆராய்ச்சியாளர்கள் ஆவலோடு பார்த்தார்கள். ஆனால் 1981க்குப் பிறகு காட்டில் அதை யாரும் பார்க்கவில்லை. கூண்டில் இருந்த கடைசி ஒன்று 1983ல் செத்தது. 1984ல் வடக்கே இதே போல இன்னொரு இனம் கிடைத்தது. அடடா என்று சந்தோஷப்படுவதற்குள் 1985ல் அதுவும் காணாமல் போனது.

மத்திய அமெரிக்காவின் கோஸ்டா ரிகாவில் மான்டெவெர்டே என்று ஒரு மேகக்காடு. அங்கே மட்டும் வாழ்ந்த தங்கத் தேரையின் ஆண், பளபளவென்று ஆரஞ்சு நிறத்தில், பிளாஸ்டிக் பொம்மை மாதிரி இருக்கும். வருடத்தில் சில நாட்கள்தான் வெளியே வரும். 1987ல் மார்த்தா கிரம்ப் என்ற ஆய்வாளர் 1500க்கும் மேல் எண்ணினார். 1988ல் விரல் விட்டு எண்ணும் அளவு. 1989 மே மாதம் ஒரே ஒரு ஆண். அது ஜோடிக்காகக் காத்திருந்தது. அதன் பிறகு இன்று வரை யாரும் ஒன்றைக்கூடப் பார்க்கவில்லை.

1989 செப்டம்பரில் இங்கிலாந்தின் கேன்டர்பரியில் ஊர்வன, நீர்நில வாழ்வன ஆய்வாளர்களின் முதல் உலக மாநாடு நடந்தது. தேநீர் இடைவேளைப் பேச்சில்தான் விஷயம் வெளியே வந்தது. "எங்கள் ஊரில் தவளை குறைகிறது" என்று ஒருவர் சொல்ல, "எங்களுக்கும்தான்" என்று இன்னொருவர். ஒவ்வொருவரும் அது தங்கள் வட்டாரத்துப் பிரச்சினை என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள்! அதுவும் காடு வெட்டிய இடத்தில் குறைந்தால் காரணம் சொல்லலாம். மனிதக் காலடியே படாத பாதுகாக்கப்பட்ட மலைகளில் அல்லவா மறைகின்றன?

அடுத்த பத்து வருடம் சந்தேகப் பட்டியல்தான் நீண்டது. ஓசோன் படலம் மெலிந்து புற ஊதாக்கதிர் கூடியதா? அமில மழையா? காற்றில் வரும் பூச்சிமருந்தா? வறட்சியா? தங்கத் தேரை விஷயத்தில் எல்-நினோ வறட்சிக்கும் பங்குண்டு என்ற வாதம் உண்டு. 1996ல் ஆஸ்திரேலியாவில் லாரன்ஸ், மெக்டொனால்ட், ஸ்பியர் மூவரும் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். குறைந்தது 14 இனங்கள் 90 சதவீதத்துக்கு மேல் குறைந்தோ மறைந்தோ போய்விட்டன, இந்த அழிவு அலை போல ஒரு திசையில் நகர்கிறது, எனவே இது வெளியிலிருந்து வந்த தொற்றுநோய் என்றார்கள். பலர் ஏற்கவில்லை. ஒரு நோய் ஒரு இனத்தையே துடைத்துப் போடுமா என்பது அவர்கள் கேள்வி. நோய் என்று துணிந்து சொன்னவர்களும்கூட வைரஸாக இருக்கலாம் என்றே எண்ணினார்கள்.

லீ பெர்ஜர் என்ற ஆராய்ச்சி மாணவி (ஆமாம், மாணவி! நம்மைப் போல) ஆஸ்திரேலியாவில் செத்த தவளைகளை அறுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளுறுப்புகளில் ஒரு கோளாறும் இல்லை. தோலில் மட்டும் கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்ன உருண்டைகள். பனாமாவின் மலை ஓடையில் கேரன் லிப்ஸ் பொறுக்கிய செத்த தவளைகளின் தோலிலும் அதே உருண்டைகள். அதே சமயம் வாஷிங்டன் தேசிய உயிரியல் பூங்காவில் நீல நஞ்சுத் தவளைகள் செத்துக்கொண்டிருந்தன. அவற்றின் தோலிலும் அதே! ஒற்றைச்செல் ஒட்டுண்ணி ஏதோ ஒன்று என்று முதலில் நினைத்தார்கள். வாஷிங்டன் பூங்காவின் மருத்துவர்கள் நிக்கோல்ஸும் பெஸ்ஸியரும், மெய்ன் பல்கலைக்கழகத்தில் ஜாய்ஸ் லாங்கோர் என்பவரைத் தேடிப் பிடித்தார்கள். அவர் கிட்ரிட் என்ற பூஞ்சை வகையின் நிபுணர். கிட்ரிட்கள் குளத்து நீரிலும் மண்ணிலும் மகரந்தம், பாசி, மக்கிய இலைகளைத் தின்று வாழும் பரம சாதுக்கள். முதுகெலும்புள்ள எந்தப் பிராணியையும் அவை தாக்கியதாக அதுவரை பதிவே இல்லை. அந்த வகையைப் படிப்பவர்கள் உலகத்திலேயே ஒரு கைப்பிடி பேர்தான். "யாருக்கும் பயன்படாத படிப்பு" என்று நாம் கேலி செய்வோமே, அப்படி ஒரு படிப்பு. அதைப் படித்த ஒருவர் இருந்ததால்தான் அந்தப் பூஞ்சையைத் தனியே பிரித்து வளர்க்க முடிந்தது.

1998ல் பெர்ஜரும் கூட்டாளிகளும் கட்டுரையை வெளியிட்டார்கள். அதில் உள்ள சோதனையைப் படித்தபோது எனக்கு பாசிதான் ஞாபகம் வந்தார். நோய்த் தவளையின் தோலைச் சுரண்டி எடுத்து ஆரோக்கியமான தவளைகளோடு சேர்த்தார்கள். மூன்று வாரத்துக்குள் அவை செத்தன. கண்ணாடிப் பெட்டியும் நுண்ணோக்கியும் புதிது. தர்க்கம் 160 வருடப் பழசு. 1999ல் லாங்கோர், பெஸ்ஸியர், நிக்கோல்ஸ் மூவரும் அதற்குப் பெயர் வைத்தார்கள்: பட்ராக்கோகிட்ரியம் டெண்ட்ரோபாட்டிடிஸ். நாக்கு சுளுக்கிக்கொள்ளும் என்பதால் இனி 'தவளைப் பூஞ்சை' என்றே சொல்கிறேன்.

தோலில் மட்டும் இருந்துகொண்டு எப்படிக் கொல்கிறது? நமக்குப் படர்தாமரை வந்தால் அரிக்கும், அவ்வளவுதான். ஆனால் தவளைக்குத் தோல் வெறும் போர்வை அல்ல. தோலால்தான் தண்ணீர் குடிக்கிறது, பாதி மூச்சும் தோலால்தான், உடம்பின் உப்புச் சமநிலையும் தோலால்தான். தவளைப் பூஞ்சையின் வித்துகளுக்கு வால் உண்டு, நீந்தி வந்து தோலில் புகும். தோல் தடித்து, சோடியம், பொட்டாசியத்தை உள்ளே இழுக்கும் வேலை நின்றுபோகும். கடைசியில் இதயம் நின்றுவிடும். ஜேமி வாய்ல்ஸ் குழுவினர் இதை 2009ல் காட்டினார்கள். தலைப்பிரட்டைகளுக்கு வாயில் மட்டுமே பூஞ்சை விரும்பும் கெட்டிப் புரதம் இருப்பதால் அவை சாகாது. ஓடையில் தலைப்பிரட்டைகள் நிறைய இருக்கும், பார்க்கிறவர்கள் எல்லாம் நன்றாக இருக்கிறது என்று நினைப்பார்கள். அவை வளர்ந்து தவளையானதும் சாகும். இந்தப் பூஞ்சைக்குப் பிடித்த வெப்பம் 17லிருந்து 25 டிகிரி. குளிர்ந்த மலை ஓடைகள் ஏன் முதலில் காலியாயின என்பதற்கு விடை இதில் இருக்கிறது.

எதிரி யார் என்று தெரிந்த பிறகாவது தடுக்க முடிந்ததா? கேரன் லிப்ஸ் வரைபடத்தை வைத்துக்கொண்டு, கோஸ்டா ரிகாவிலிருந்து பனாமாவுக்குள் அலை கிழக்கே நகர்கிறது, அடுத்தது எல் கோப்பே என்ற இடம் என்று முன்கூட்டியே அங்கே போய் எண்ணிக்கை எடுக்க ஆரம்பித்தார். 2004 செப்டம்பரில் முதல் நோய்த் தவளை கிடைத்தது. சில மாதங்களில் காடு மௌனமாகிவிட்டது. புயல் வருவது தெரிந்தும் தடுக்க முடியாத வானிலை அதிகாரி நிலைமை. கடைசியில் பனாமாவில் செய்ய முடிந்தது ஒன்றுதான், தவளைகளைக் காட்டிலிருந்து அள்ளிக்கொண்டு ஓடுவது! 2006ல் எல் வாயே ஊரில் ஒரு ஹோட்டலில் தவளைகளைத் தங்கவைத்துக் காப்பாற்றினார்கள். அந்த நாட்டின் செல்லப் பிராணி, லாட்டரிச் சீட்டில்கூடப் படம் போட்ட தங்கத் தவளை, காட்டில் கண்ணில் படாமல் போய் வருடங்கள் பல ஆகின்றன. பாதுகாப்பு மையங்களிலும் உயிரியல் பூங்காக்களிலும்தான் அது தலைமுறை தலைமுறையாக வாழ்கிறது.

2019ல் வந்த ஒரு கணக்கின்படி இந்த நோயால் குறைந்தது 501 இனங்கள் சரிந்திருக்கின்றன, அதில் 90 இனங்கள் அழிந்திருக்கலாம். அந்தக் கணக்கின் தரவுகள் போதாது என்று அடுத்த வருடமே சிலர் கேள்வி எழுப்பினார்கள். இருக்கட்டும். எண்ணைப் பாதியாகக் குறைத்தாலும் வேறெந்த ஒற்றை நோயும் இவ்வளவு இனங்களை இப்படித் தாக்கியதாக வரலாறு இல்லை.

இது எங்கிருந்து வந்தது? முதலில் பழி விழுந்தது ஒரு கர்ப்பப் பரிசோதனை மேல். நம்ப முடிகிறதா? 1930களில், தென்னாப்பிரிக்காவின் நகத்தவளைக்கு ஒரு பெண்ணின் சிறுநீரை ஊசி மூலம் ஏற்றினால், அவர் கர்ப்பமாக இருந்தால் தவளை சில மணி நேரத்தில் முட்டையிடும் என்று கண்டறிந்தார்கள். லான்சலாட் ஹாக்பென் கேப்டவுனில் செய்த ஆராய்ச்சி இதற்கு அடிப்படை. மாத்திரைப் பட்டை போன்ற சோதனைக் குச்சிகள் வரும் முன் உலகமெங்கும் மருத்துவமனைகள் இந்தத் தவளையை வாங்கின. ஆயிரமாயிரமாக ஏற்றுமதி. 2004ல், 1938ல் பிடித்துப் பாதுகாத்த ஒரு நகத்தவளையின் தோலில் தவளைப் பூஞ்சை இருப்பதைக் கண்டார்கள். நகத்தவளைக்கு அந்த நோய் ஒன்றும் செய்வதில்லை, சுமந்துகொண்டு திரியும். வழக்கு முடிந்தது என்றே தோன்றியது. பிறகு பிரேசிலிலும் அமெரிக்காவின் இல்லினாயிலும் 19ஆம் நூற்றாண்டு அருங்காட்சியக மாதிரிகளிலேயே பூஞ்சை கிடைத்தது. 2018ல் ஓஹான்லன் முதலானோர் 200க்கும் மேற்பட்ட மரபணுத் தொகுதிகளை ஒப்பிட்டு, இதன் பூர்வீகம் கிழக்கு ஆசியா, குறிப்பாகக் கொரியத் தீபகற்பம், உலகைச் சுற்றிய கொலைகார ரகம் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கிளம்பியது என்றார்கள். கொரியத் தவளைகள் அதோடு பழகிவிட்டன. மருத்துவம், வளர்ப்புப் பிராணி, உணவு என்று எதற்காகத் தவளையைக் கப்பலேற்றினோமோ, அத்தனை வழியாகவும் அது பயணம் செய்திருக்கிறது. வேலைக்காரர்களின் கையிலும் துணியிலும் தட்டிலும் ஒட்டிக்கொண்டு போகிறது என்று பாசி எழுதியதை இங்கே கப்பல், விமானம் என்று மாற்றிப் படித்துக்கொள்ளலாம்.

தவளையோடு முடிந்திருந்தால்கூடப் பரவாயில்லை. 2010 வாக்கில் நெதர்லாந்தில் கறுப்பு மஞ்சள் சலமந்தர்கள் மடமடவென்று குறைந்தன. 2013ல் பார்த்தால் அதே குடும்பத்தின் இன்னொரு பூஞ்சை, அதுவும் ஆசியாவிலிருந்து, பெரும்பாலும் வளர்ப்புப் பிராணி வியாபாரத்தில் வந்தது. இம்முறை அமெரிக்கா கொஞ்சம் முந்திக்கொண்டது. நோய் அங்கே வருவதற்கு முன்பே 2016 ஜனவரியில் 201 சலமந்தர் இனங்களின் இறக்குமதியை நிறுத்தியது. வௌவால்கள் விஷயத்தில் அந்த அதிர்ஷ்டம் இல்லை. 2006 பிப்ரவரியில் நியூயார்க் மாநிலத்தின் ஒரு குகையில் எடுத்த படத்தில் வௌவால்களின் மூக்கில் வெள்ளைப் பூச்சு தெரிந்தது. வௌவால் பாலூட்டியாயிற்றே, சூட்டுக் கவசம் என்ன ஆயிற்று? குளிர்கால உறக்கத்தில் அது உடம்புச் சூட்டைக் குகையின் குளிர் அளவுக்கு இறக்கிவிடும். கவசத்தைக் கழற்றி வைத்துவிட்டுத் தூங்கும்போது பூஞ்சை ஏறுகிறது. வௌவால் அடிக்கடி விழித்து, சேமித்த கொழுப்பைத் தீர்த்துவிட்டுப் பட்டினியில் சாகிறது. 2012க்குள் 57 லட்சத்திலிருந்து 67 லட்சம் வௌவால்கள் செத்திருக்கும் என்று அமெரிக்க வனவிலங்குத் துறை மதிப்பிட்டது. ஐரோப்பிய வௌவால்களும் இதே பூஞ்சையைச் சுமக்கின்றன, ஆனால் சாவதில்லை. கொரியத் தவளை மாதிரியே.

நம் மேற்குத் தொடர்ச்சி மலையில்? இருக்கிறது. 2011க்குப் பிறகு வெளியான ஆய்வுகளில் அங்கே மட்டுமே வாழும் தவளைகளிடமும் இந்தப் பூஞ்சை கண்டறியப்பட்டது. 2013ல் வடபகுதியில் கிடைத்தது ஆசியாவுக்கே உரிய ரகம் என்றார்கள். ஆனால் பனாமாவைப் போல ஓடையெங்கும் பிணங்கள் மிதந்த செய்தி எதுவும் இங்கிருந்து வரவில்லை. நம் தவளைகளும் இதனோடு நெடுங்காலம் பழகியிருக்கலாம் என்பது ஒரு கருத்து. வெளிநாட்டு அலங்காரத் தவளைகளைக் கடையில் வாங்கிப் பிறகு அலுத்துப்போய் ஓடையில் விடுகிறவர்கள் இதைப் படித்தால் நல்லது.

கடைசியாக ஒன்று. பூஞ்சைக்குச் சூடு ஆகாது என்ற பழைய பாடத்தை வைத்து ஆஸ்திரேலியாவில் ஆண்டனி வாடில் என்பவரின் குழு 2024ல் ஒரு வேலை செய்தது. ஓட்டை உள்ள சாதாரணச் செங்கல்லுக்குக் கறுப்பு வண்ணம் பூசி, சின்னப் பசுமைக்கூடாரத்துக்குள் அடுக்கி வெயிலில் வைத்தார்கள். குளிர்காலத்தில் பச்சை-பொன் மணித்தவளைகள் தாமாகவே போய் அந்த ஓட்டைகளில் உட்கார்ந்துகொண்டன. உடம்புச் சூடு ஏறியது, பூஞ்சை கழன்றது. அப்படித் தேறியவை அடுத்த முறை குளிரில் பூஞ்சையைச் சந்தித்தபோதும் மற்றவற்றைவிட நன்றாகத் தாக்குப்பிடித்தன. ஆகும் செலவு செங்கல், வண்ணம், ஒரு கூடாரம். வீட்டுத் தோட்டத்திலேயே எவரும் வைக்கலாம் என்று செய்முறையையும் வெளியிட்டிருக்கிறார்கள்.